திரும்பிப் பார்த்த படம்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த ஜான்சிக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு. கண் திறக்கிற பொண்ணு. உயிரோடு இருக்கும்வரை ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களை நாற்காலியில் சாய்த்து, தாடையைத் துணியால் கட்டி வைத்த பிறகுதான் வீட்டாருக்குப் படம் ஞாபகம் வரும். ஸ்டூடியோ முதலாளி அர்ச்சுனன் கேமராவோடு போய் எடுத்து வருவார். மீதி ஜான்சியின் வேலை. துணிக்கட்டை அழிப்பாள், மூக்கிலிருக்கும் பஞ்சை எடுப்பாள், மூடிய இமைமேல் வேறு ஒருவருடைய கண்ணைக் கொண்டுவந்து பொருத்துவாள். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்தவர் போல உங்களைப் பார்ப்பார்.

அந்தக் கண்கள் எங்கிருந்து வந்தன என்பதில் அர்ச்சுனன் கறாரானவர். கம்ப்யூட்டரில் அவற்றுக்கென்று தனி ஃபோல்டர் இருந்தது. ஏற்கெனவே செத்துப்போனவர்கள் உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களிலிருந்து வெட்டிய கண்கள் மட்டுமே அதற்குள் போகும். இருக்கிறவர் முகத்திலிருந்து ஒரு மயிரைக்கூட இறந்தவர் படத்தில் ஒட்டக்கூடாது. ஏன் என்றால், அந்தப் படத்துக்கு மாலை விழும். உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? இத்தனைக்கும் அர்ச்சுனன் சாமி கும்பிடாதவர், கல்யாணத்துக்குக்கூட நல்ல நேரம் பார்க்காதவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பயந்தாங்கொள்ளி. ஜான்சி மனசுக்குள் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டளையை நாலு வருஷம் மீறாமல் இருந்தாள்.

அவளுடைய அப்பா சவரிமுத்துவும் அம்மா ராசம்மாளும் உப்பளத்துக் கூலிகள். இருவர் பாதத்தையும் பார்த்தால் வெடித்த களிமண் தரை ஞாபகம் வரும். ஜான்சி பிளஸ் டூ முடித்தாள், திண்டிவனத்துக்கு ஆறு மாதம் பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் படித்தாள், அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனுக்குக் கீழே சம்பாதித்த முதல் ஆள் ஆனாள். அந்தக் கர்வம் அவளுக்கு இருந்தது. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை? கல்யாண சி.டி.யில் மணப்பெண் முகம் கரைந்து மாப்பிள்ளை முகமாக மாறுவதை இந்த வட்டாரத்தில் முதலில் செய்து காட்டியவள் அவள்தான். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பின்னால் வந்த அத்தனை வினையும் அதிலிருந்துதான் வந்தது என்பேன் நான்.

அவளுக்கு ஒரே தம்பி, பிரபு. ஐந்து வயசு இளையவன். அம்மாவும் அப்பாவும் உப்புப் பாத்தியில் நிற்க, வரப்பு மேல் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவள் இவள். அவனுக்கு நாலு வயசாக இருந்தபோது, உப்பு வாரும் பலகையை இவள் விளையாட்டாகச் சுழற்ற, அதில் அடித்திருந்த தகரம் அவன் இடது காதின் மேல் விளிம்பைக் கிழித்துவிட்டது. கீழே விழுந்துட்டான் என்று அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பொடியனும் வாயைத் திறக்கவில்லை. காது ஆறியது. மேலே எலி கடித்தாற்போல ஒரு பள்ளம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது அவன் ஆறடி ஆள், உப்பு லாரியில் லோடுமேன்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அந்த மாதமும் அடுத்த மாதமும் எத்தனை கண்களைத் திறந்தாள் என்று ஜான்சி எண்ணவில்லை. ஒரே கண்ணை நாலு பேருக்குப் பொருத்தவேண்டி வந்தது. சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே வாங்கிப் போனார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது, துக்கத்தில் இருக்கிறவர்கள் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று.

மறு வருஷம் நவம்பர் கடைசியில் தையல்நாயகி வந்தாள். வடக்கே வேறொரு உப்பளத்தில் தலைச்சுமை தூக்குகிறவள், புருஷன் இல்லாதவள். அவள் ஒரே பிள்ளை தமிழ்வேந்தன், இருபத்துநாலு வயசு, கடல் உள்ளே வந்த அன்றைக்கு மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. லைசென்ஸுக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அதிலும் ஓரத்தில் ஊதா மையில் ஒரு சீல் விழுந்து, காதும் கன்னத்தின் பின்பக்கமும் மறைந்து போயிருந்தன.

பெரிதாக்கிச் சீலை அழித்துத் தர வேண்டும் என்றுதான் ஜான்சி நினைத்தாள். தையல்நாயகி அதைக் கேட்கவில்லை. கல்யாண சி.டி.யில் மூஞ்சியை அசைய வைத்தது நீதானே என்று கேட்டாள். வருஷ திவசத்துக்கு என் பிள்ளை திரும்பிப் பார்க்கணும் என்றாள். அவ்வளவுதான், வேறெதுவும் வேண்டாம்.

"கெளம்பிட்டான் கண்ணு. நான்தான் பின்னால இருந்து கூப்பிட்டுட்டேன், பைய மறந்துட்டியேடான்னு. போறவன பின்னால கூப்பிடலாமா? கூப்பிட்டது காதுல உழுந்திருந்தா திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, குந்திட்டுப் போயிருப்பான். அவன் திரும்பவே இல்ல. நான் இன்னொரு வாட்டி சத்தமா கூப்பிட்டிருக்கணும்."

அர்ச்சுனன் இது நடக்காது என்று எழுந்து போய்விட்டார். ஒரே ஒரு நேர்முகப் படத்தை வைத்துக்கொண்டு தலையைத் திருப்ப முடியாது, பக்கவாட்டு முகம் வேண்டும், அது இல்லை. ஜான்சிக்கும் அது தெரியும். ஆனாலும் செய்றேம்மா என்றாள்.

மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். நேர்முகத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பார்த்தால் மூக்கு சப்பையானது, கண் நெற்றிப்பொட்டுக்கு ஓடியது. கண் ஃபோல்டர் முழுக்கத் துழாவினாள். செத்துப்போனவர்களில் ஒருவர்கூட பக்கவாட்டில் போஸ் கொடுத்திருக்கவில்லை. யார்தான் கொடுப்பார்கள்? திவசத்துக்கு நாலு நாள் இருந்தபோது பிரபு அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க வந்தான். வாசலில் பக்கவாட்டில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவனை ஜான்சி பார்த்தாள். அதே தாடை, அதே கழுத்து, அதே வாட்டசாட்டம். அர்ச்சுனன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். சுவரைப் பார்க்கச் சொன்னாள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை அவள் பக்கம் திருப்பச் சொன்னாள். ஆறு படம் எடுத்தாள். படம் என்றாலே ஓடுகிறவன் அவன். சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கியபோது பத்து வயசில் எடுத்ததுதான் வீட்டிலிருந்த அவனுடைய ஒரே போட்டோ. எதுக்குக்கா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தான். சும்மா டெஸ்ட்டுக்குடா, ஆடாதே என்று அதட்டினாள்.

ஆறு படம் பிரபு, ஏழாவது படம் தமிழ்வேந்தன். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கரையும்படி கோர்த்தாள். கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு புள்ளி வைத்தாள், நிறத்தைச் சரிசெய்தாள். முழுதாக நாலு நொடி. பிரபுவாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலை மெதுவாகத் திரும்பத் திரும்பத் தமிழ்வேந்தனாகி, கடைசியில் நேராக உங்களைப் பார்த்தது. ஜான்சி அதை முப்பது தடவை ஓட்டிப் பார்த்தாள். காதில் இருந்த பள்ளம் அவள் கண்ணில் படவில்லை. ஒரு சின்ன வேலை, அரை நிமிஷத்தில் அழித்திருப்பாள். இருபது வருஷமாகப் பார்த்துப் பழகிய காது, அதில் பள்ளம் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி சி.டி.யை எடுத்துக்கொண்டு அவளே போனாள். தையல்நாயகியின் அண்ணன் கலியமூர்த்தி டி.வி.யை நடுவீட்டில் ஸ்டூல்மேல் வைத்திருந்தார். அதற்கு முன்னால் தலைவாழை இலையில் படையல். படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ரிமோட்டை அமுக்கியவர், முதல் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டார். பூஜை முடியட்டும், அப்புறம் ஓடவிடலாம் என்றார்.

முதல் காட்சியில் தமிழ்வேந்தன் துளிகூட இல்லை. அது முழுக்க முழுக்க பிரபு. ஜான்சி ரிமோட்டைக் கேட்டு வாங்குவதற்குள் தையல்நாயகி சாமந்தி மாலையோடு வந்துவிட்டாள். டி.வி.யின் இரண்டு மூலையிலும் மாட்டி, மாலையைச் சரியாகப் பிரபுவின் கழுத்தடியில் தொங்கவிட்டாள். சந்தனத்தைத் தொட்டு அவன் நெற்றி ஓரத்தில் கண்ணாடிமேல் வைத்தாள். கற்பூரம் ஏற்றினார்கள். ஒப்பாரி தொடங்கியது. தம்பி அந்தப் புகைக்குள் சுவரைப் பார்த்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற ஜான்சி, இதையெல்லாம் நம்பாதவள், அன்றைக்கு முந்தானைக்குள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பூஜை முடிந்து படத்தை ஓடவிட்டார்கள். தையல்நாயகி டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்று, தமிழு என்று ஒரு தடவை கூப்பிட்டாள். தலை திரும்பியது. கடைசியில் தமிழ்வேந்தன் அம்மாவைப் பார்த்தான். வீடே கதறியது. தையல்நாயகி மட்டும் அழவில்லை. திரும்பவும் போடச் சொன்னாள், திரும்பவும் கூப்பிட்டாள். நாலைந்து முறை ஆனபிறகு தொடக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு விரலால் அந்தக் காதின் மேல் விளிம்பைத் தடவினாள். ஜான்சி அப்போதுதான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள்.

ஜான்சியைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்த்தான் கேட்டாள்.

"இந்தக் காது எம் புள்ளைது இல்ல. யாருது கண்ணு?"

"கம்ப்யூட்டர்ல வரைஞ்சதும்மா."

"உசுரோட இருக்கிறவங்களுதுன்னா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். மாலைய இப்பவே கழட்டிடறேன், சந்தனத்த தொடச்சிடறேன், மண்ணு சுத்திப் போட்டுடறேன். தப்பு ஒண்ணும் ஆவாது."

சொல்லியிருக்கலாம். எல்லாம் அந்த நிமிஷத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று ஜான்சி பார்த்தாள். கூப்பிட்டதும் திரும்பியது தன் பிள்ளையே இல்லை, எவனோ ஒரு லோடுமேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வந்திருந்த தெளிவு அப்படியே போய்விடும். யாருதும் இல்லம்மா, சத்தியமா, என்றாள். தையல்நாயகி அவள் கன்னத்தைத் தடவி, இலையில் உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பிய ஜான்சி முதல் காரியமாக அந்த ஆறு படங்களையும் அழிக்கப் போனாள். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று அமுக்க அவளுக்குக் கை வரவில்லை. அது இன்னும் பெரிய பாவமாகத் தோன்றியது. பிரபு என்று பெயர் போட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

பொங்கல் கழிந்து பாத்திகளில் வேலை தொடங்கியது. தையல்நாயகி மாலையைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பழசை எடுத்துப் புதுசு போட்டாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சி.டி.யைப் போட்டு, மகனைக் கூப்பிட்டு, அவன் திரும்பிப் பார்த்த பிறகுதான் வீட்டைப் பூட்டுவாளாம். இதை ஜான்சியிடம் ஸ்டூடியோ வாசலில் சந்தோஷமாகச் சொன்னவள் அவளேதான்.

பிப்ரவரியில் ஒருநாள் சாப்பிடும்போது பிரபு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். லோடு ஏற்றும்போது யாரோ பின்னாலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். திரும்பினால் ஆள் இல்லை, உப்புக் குவியல்தான் இருக்கிறது.

"எப்படா? எந்நேரத்துல?"

"காலைலதான்க்கா. லோடு ஏத்த ஆரம்பிக்கிற டைம்ல. பொம்பள கொரல் மாதிரி இருக்குது. எவளோ நம்ம மேல கண்ணு வெச்சிட்டா போல."

ராசம்மாள் சிரித்தாள். ஜான்சி தட்டைத் தள்ளிவைத்தாள். உப்பளத்தில் காற்றுக்கு எத்தனையோ குரல், வெயில் ஏறினால் காது அடைக்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? அன்றிலிருந்து அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை போய் நிற்பாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தப்பித்தவறிக்கூடப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடக்கூடாது என்று. மார்ச் மாதத்தில் திரும்பிப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலையைத் திருப்பிப் பார்ப்பான். மெதுவாகத் திரும்பும் தலை, இடது காது முதலில், பிறகு தாடை, பிறகு கண். அவள் கோர்த்த அதே வரிசை. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் எழுந்து போய்விடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக் கிளம்பினாள். தையல்நாயகி வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தையல்நாயகி பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தாள். பாத்தியில் இந்த வருஷம் உப்பு நல்ல வெள்ளையாக விளைகிறது என்று சொன்னாள். மாமாவுக்கு முட்டிவலி என்றாள். முன்பெல்லாம் ராத்திரி தூக்கம் வராது, இப்போது படுத்தால் தூங்கிவிடுகிறேன் என்றாள். பிறகு, அம்மா கெளம்பறேன்டா தமிழு, திரும்பு, என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. தலை திரும்பிக்கொண்டிருக்கும் அந்த நாலு நொடி. ஜான்சி வந்த வழியே நடையைக் கட்டினாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் உப்பளத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் மண் பாதையில் லாரி வந்துகொண்டிருந்தது. பிரபுவும் இன்னொரு லோடுமேன் மண்ணாங்கட்டியும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வயசைத் தாண்டிய அந்த மனுஷன் நடந்ததை ஆஸ்பத்திரி வாசலில் வைத்து ஜான்சியிடம் சொன்னான். பள்ளம் வருது, கயித்தப் புடிச்சுக்கோடா என்று மண்ணாங்கட்டி சொல்லியிருக்கிறான்.

"புடிச்சிட்டுதாம்மா இருந்தான். யாரோ பின்னால கூப்பிட்ட மாதிரி கைய உட்டுட்டுத் திரும்பினான். நான் பாத்துட்டே இருந்தேன். அங்க யாருமே இல்ல."

கையை விட்டான், லாரி குலுங்கியது, விழுந்தான். லாரியில் ஆட்களை மூட்டைமேல் ஏற்றியது தப்பு, பாதையை மராமத்து செய்யாமல் விட்டது தப்பு. இப்படி நூறு தப்பை நான் எடுத்துக் காட்டுவேன். ஜான்சியிடம் காட்டிப் பயனில்லை.

வீட்டில் பிரபுவின் சவப்பெட்டியை நடுக்கூடத்தில் வைத்து, தலைமாட்டில் சிலுவையும் மெழுகுவத்தியும் வைத்தார்கள். வாசலில் வைக்கப் படம் இல்லை. புதுநன்மைப் படத்தில் இருந்தவன் பத்து வயசுப் பையன். அர்ச்சுனன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்டூடியோவுக்கு ஓடினார். கம்ப்யூட்டரில் பிரபு என்ற பெயரைத் தேடியதும் ஆறு படங்கள் கிடைத்தன. முதலாவதைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, அவரே ஒரு சாமந்தி மாலையும் வாங்கிப் போட்டுக் கொண்டுவந்தார். பந்தலுக்குள் எல்லாரும் பார்க்கும்படி நாற்காலியில் சாய்த்து வைத்தார். நல்ல மனுஷன், அவருக்கு ஒன்றும் தெரியாது. தம்பி பெட்டிக்குள் மேலே பார்த்துக் கிடந்தான். படத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தான்.

உப்பளத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், எந்த உப்பளத்துக் கூலியின் பிள்ளை செத்தாலும் போவது வழக்கம் என்பதால், வேலையை விட்டுவிட்டுக் கூட்டமாக வந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களில் தையல்நாயகியும் ஒருத்தி. நாற்காலியைத் தாண்டும்போது நின்றாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் குனிந்து, ஒரு விரலை நீட்டி, படத்தில் அந்தக் காதின் மேல் விளிம்பைத் தடவினாள். பிறகு பெட்டியருகே வந்து அவன் காதையும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஜான்சியைப் பார்த்தாள்.

ராசம்மாள் அவளை யார் என்றுகூடக் கேட்காமல் கட்டிக்கொண்டு அழுதாள். கூப்பிடறேன், கூப்பிடறேன், எம் புள்ள திரும்ப மாட்டேங்கிறான் பாரேன் என்று அரற்றினாள். தையல்நாயகி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே, ராசம்மாளின் தோளுக்கு மேலாக, ஜான்சிக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள். அந்தக் குரலில் கோபமே இல்லை.

"ரெண்டு வாட்டி கேட்டேனே கண்ணு. சொல்லியிருந்தா அப்பவே கழட்டியிருப்பேனே."